ஒட்டுக்கு அடியில் எண்ணெய்

விரிசல் விட்ட பைபர் படகுக்கு ஒட்டுப் போடுவது பிரபாகருக்கு இதுதான் முதல் தடவை. அதையும் போய் மாமனார் லூர்துசாமியின் படகிலா பழகுவான்? "ஆள் எதுக்கு மாமா, நான் பாத்துக்கறேன்" என்று வாய்ச்சவடால் அடித்தாயிற்று, பின்வாங்க முடியவில்லை.

முதல் கலவையில், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை அள்ளி ஊற்றினான். டப்பா புகைந்து, உள்ளே விட்ட பிரஷ்ஷோடு கல்லாகிவிட்டது. அடுத்த முறை பயந்து பயந்து சொட்டு விட்டான். மறுநாளும் ரெசின் பிசுபிசுவென்று கையோடு வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மூன்றாவதாகப் போட்டதுதான் இறுகியது. மேலே நீலப் பெயின்ட் அடித்ததும் ஊரூர் குப்பத்திலேயே தனக்கு நிகர் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இன்று விடியலில் லூர்துசாமி, கூட்டாளி முருகையனோடு அந்தப் படகில் கடலுக்குப் போய்விட்டார். வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்த பிரபாகரிடம் மனைவி ஜான்சி டீயை நீட்டினாள்.

"இன்னாத்துக்கு பயந்துகினு கீற? அன்னிக்கு நீ தேச்சுட்டு டீ குடிக்கப் போனியே, அப்பவே விரிசல் மேல மாதா கோயில் எண்ணெய பூசிட்டேன். அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது."

பிரபாகர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான். எண்ணெய்ப் பசை இருந்தால் ரெசின் பிடிக்காது, பார்க்கத்தான் கல் மாதிரி இருக்கும் என்று ரெசின் விற்ற கடைக்காரர் அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டார். ஒட்டும்போது அந்த இடம் மினுமினுத்ததை இவனும் பார்த்தான். தான் தேய்த்த தேய்ப்பில் வந்த பளபளப்பு என்று பூரித்துப்போனான், மடையன்!

மாமனாரின் செல்லுக்கு அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. கரைக்கு ஓடினான். மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஏறின, நீலத்தைக் காணோம். பின்னாலேயே வந்த ஜான்சி, "இன்னா ஆச்சு, சொல்லேன்" என்று கையைப் பிடித்து உலுக்கினாள். என்னவென்று சொல்வான்? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், தான் பூசிய எண்ணெய்தான் காரணம் என்று இவள் ஆயுசுக்கும் நினைத்து நினைத்துச் சாவாளே.

வெயில் ஏறிய பிறகு நீலப் படகு தெரிந்தது, பாதி மூழ்கின மாதிரி. முருகையன் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார். லூர்துசாமியின் உடம்பில் சட்டை இல்லை. அது ஓட்டையில் அடைபட்டிருந்தது.

"ஒட்டா போட்ட மாப்ள, தோசை ஊத்துனியா? முழுசா கயண்டுகினு போச்சு!" என்று லூர்துசாமி கத்தினார்.

ஜான்சி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாத்தியா, மாதா எண்ணெய்தான் உன்ன கொண்டாந்து சேத்துச்சு."

பிரபாகர் அவள் முகத்தைப் பார்த்தான். முருகையனிடமிருந்து வாளியை வாங்கி, மிச்சத் தண்ணீரை இறைக்கப் போனான்.

மறுநாள் மறுபடியும் தேய்த்தான். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஜான்சி எண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றாள்.

"இரு ஜான்சி. ஒட்டி, காஞ்சு, பெயின்ட் அடிச்சப்புறம் பூசு. படகு முழுக்க வேணாலும் பூசு."

"ஏன், அடியில பூசுனா இன்னா?"

அவன் உப்புத்தாளைக் கீழே வைக்காமலே சொன்னான்: "மேல பூசுனாதான் மாதா கண்ணுல படும்."