மாடி நடையில் ஒருத்தர் மட்டும்

மகள் முதலில் துடைத்தது சுவரை. அப்பாவின் முகத்தை அதற்குப் பிறகுதான் துடைத்தாள். கட்டிலின் தலைமாட்டில் கறுப்பாகப் படர்ந்திருந்த பூஞ்சையைப் பழைய துண்டால் தேய்க்கத் தேய்க்க, சுவர்ப்பூச்சும் சேர்ந்து ஈர மாவாகக் கையோடு வந்தது. அப்பா போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் இது தெரியக் கூடாது. இப்படி நினைத்ததும் தன்மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

வெளியே மழை விட்டபாடில்லை.

அந்த வரிசையில் மொத்தம் பதினெட்டு வீடுகள். வெளியே பளிச்சென்று சிமெண்டுப் பூச்சு, உள்ளே எல்லாம் மரச் சட்டம். கட்டியவர் ஜன்னல் ஓரங்களில் தண்ணீர் வடிய வழி வைக்கவில்லை. குடிவந்த நாலாம் வருஷமே ஈரம் சுவருக்குள் இறங்கி மரத்தைத் தின்ன ஆரம்பித்தது. கட்டியவரோ கம்பெனியை மூடிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். ஒரே ஒரு வீட்டுக்காரர், வாங்க வந்தவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தார். அவர் வீடு பாதி விலைக்குப் போனது. அந்த வருஷமே தெரு முழுக்க விலை மளமளவென்று சரிந்தது. அதற்கப்புறம் மற்றவர்கள் எல்லாரும் தெருச் சங்கத்தின் செயலாளர் வீட்டில் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். யார் வீட்டைப் பார்க்க ஆள் வந்தாலும் மூன்று நாள் முன்னாடியே ஹீட்டர் போட்டுக் காயவைப்பது, புதுசாகப் பெயிண்ட் அடிப்பது, வாயைத் திறக்காமல் இருப்பது.

அப்பா லாரி எடைமேடையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆளைப் பார்த்தாலே எடையைச் சொல்லிவிடுவார். சொந்தக்காரப் பெண்கள் அதற்குப் பயந்தே அவர் எதிரில் நிற்காமல் சமையலறைப் பக்கம் நழுவுவார்கள். அறைக்கும் படிக்கும் நடுவே இருக்கும் மாடி நடைக்கு அடியில் ஓடும் உத்திரம் உளுத்துவிட்டதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். பிடிவரைக்கும் இறங்கியது.

"நூத்தம்பது கிலோ," என்றார். "அதுக்கு மேல ஒரே நேரத்துல ஏறக் கூடாது. ஓரமா நடங்க. நடுவுல மிதிக்கவே மிதிக்காதீங்க."

அன்றிலிருந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் மாடியில் ஒருவர் போனபின் ஒருவராகத்தான் நடந்தார்கள். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது, ஈரமில்லாத இடத்தில் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். வீட்டில் ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், கீழே முன்னறை. அதுதான் வாங்க வருகிறவர்கள் முதலில் காலை வைக்கிற இடம். அங்கே நோயாளியைப் படுக்க வைத்தால் மருந்து வாடை வரும், வருகிறவன் ஏன் எதற்கு என்று கேட்பான். "மேலயே கெடக்கேன், வீடு போகட்டும் முதல்ல," என்று அப்பாவே பிடிவாதம் பிடித்தார். அவர்களும் சரி என்றார்கள். சரி என்று சொன்ன நாளை நினைத்து மகள் துண்டை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பூச்செண்டு வைத்து, விளக்குப் போட்டு, ஆள் இல்லாத ஓர் அறையை எட்டு மாதமாகக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு விலையும் ஒருவழியாகப் படிந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து.

கீழே அம்மா இருமினாள். அப்பாவுக்கு முதலில் வந்த அதே இருமல். அவளுக்கு வேறு வீட்டில் காய்ந்த சுவரோடு ஓர் அறை வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை நல்லபடியாகக் கழிய வேண்டும்.

பத்து மணிக்கு அப்பாவை ஏற்றிப்போக வண்டி வந்தது. அவரைக் கிடத்தித் தூக்க ஒரு பலகையோடு ஆறு பேர் படியேறினார்கள். மகள் படியின் அடியில் நின்றுகொண்டு, அப்பாவைப் போலவே ஒவ்வொருவராக எடை போட்டாள். அம்மாவின் தம்பியான மாமா, தொண்ணூற்றாறு. செயலாளர் எண்பது. எடைமேடையில் அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர், தலைக்கு எழுபது. வண்டி ஓட்டுநர் எழுபத்தைந்து. கடைசியாக ஏறியவர் வீட்டை வாங்கப்போகும் பேக்கரிக்காரர், எண்பத்தைந்து. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செய்தி கேட்டு, கடையைப் பாதியில் விட்டுவிட்டு அவராக வந்திருந்தார்.

போகும்போது ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். அதற்கே கீழ்க்கூரையிலிருந்து பொடி உதிர்ந்தது. திரும்பும்போது அப்படி வர மாட்டார்கள். ஆறு பேரும், பலகையும், அப்பாவும் ஒரே நேரத்தில் நடு நடையில் இருப்பார்கள். ஐந்நூறு கிலோவுக்கு மேல்.

மகள் படியேறி ஓடினாள். அறை வாசலில் செயலாளர் நின்றிருந்தார்.

"ரெண்டு பேர் போதும்," என்றாள். "மத்தவங்க கீழ போயிடுங்க."

"என்னம்மா பேசுற? ரெண்டு பேர் எப்படித் தூக்குறது?" என்றார் மாமா உள்ளேயிருந்து.

செயலாளர் அவளை ஓரமாக இழுத்தார். "எனக்குத் தெரியும், எங்க வீட்லயும் இதே கதைதான்," என்றார் காதருகே. "ஒண்ணும் ஆகாது. எட்டு அடி எடுத்து வச்சா படி வந்துடும். வாங்கறவர் முன்னாடி எதையாவது உளறி வைக்காத. அடுத்த வாரம் என் வீட்டைப் பார்க்க ஆள் வருது. உங்கம்மாவை நெனச்சுப் பாரு."

அம்மாவை அவள் நினைத்தாள். வெள்ளிக்கிழமையை நினைத்தாள். எட்டே அடிதான். ஒருவேளை தாங்கிவிடும். அப்பா எப்போதும் கொஞ்சம் குறைத்தே சொல்கிறவர். வாயை மூடிக்கொண்டு நின்றாள். மாமா "ம், எடுங்கப்பா" என்றார். பலகை உயர்ந்தது. முன்பக்கத்தைப் பிடித்திருந்த பேக்கரிக்காரர் வாசலைத் தாண்டி, நேராக நடுவில் காலை வைத்தார். மாமா பின்னாலேயே வந்தார்.

அடியில் மளுக்கென்று ஒரு சத்தம்.

"வைங்க!" என்று மகள் கத்தினாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "உள்ள போங்க! எல்லாரும் உள்ள போங்க! கீழ மரம் இல்ல, உளுத்துப் போச்சு, இடிஞ்சு விழுந்துடும்!"

ஆறு பேரும் அறைக்குள் பின்வாங்கினார்கள். பேக்கரிக்காரர் குனிந்து தான் கால் வைத்த இடத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவின் தலைமாட்டில் துடைத்தும் போகாத கறுப்பைப் பார்த்தார். இரண்டு தடவை வந்து பார்த்த அறைதான் இது. அப்போது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கட்டில் இருந்த இடத்தில் கறுப்பை மறைத்து ஓர் அலமாரி நின்றிருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"ஆறு வருஷமா. எங்க வீடு மட்டும் இல்ல." சொல்லிவிட்டுச் செயலாளர் பக்கம் அவள் திரும்பவில்லை. "நூத்தம்பது கிலோ தாங்கும்னு அப்பா சொல்லியிருக்கார். அப்பா நாப்பத்தெட்டுதான் இருப்பார். ஒருத்தர் மட்டும் தூக்கிட்டு, ஓரமா..."

மாமா தன் வயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார். எடைமேடைக்காரர்கள் இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. வண்டி ஓட்டுநர் வாசலை விட்டு ஓர் அடி பின்னே நகர்ந்தார். செயலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரூமைத்தான் என் பொண்ணு கேட்டா," என்றார் பேக்கரிக்காரர், யாரிடம் என்றில்லாமல். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "மாவு மூட்டை ஐம்பது கிலோ. தினமும் தூக்குறதுதான். நான் எடுக்கறேன்."

அப்பாவைப் போர்வையோடு இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். தூங்குகிற பிள்ளையை எடுப்பது மாதிரி அத்தனை பக்குவமாக எடுத்தார். மகள் அவருக்கு முன்பே ஓரமாக நடந்து படியின் மேல்முனையில் போய் நின்று, எண்பத்தைந்தும் நாற்பத்தெட்டும் எவ்வளவு என்று மனசுக்குள் திரும்பத் திரும்பக் கூட்டினாள். ஒவ்வொரு தடவையும் நூற்று முப்பத்து மூன்றுதான் வந்தது. நம்பிக்கைதான் வரவில்லை.

ஓர் அடி. இரண்டு. மூன்றாவது அடியில் தரைப்பலகை முனகியது. பேக்கரிக்காரர் நின்றார். அவருடைய நெற்றியில் வியர்வை. பயம் அவர் கண்ணிலும் இருந்தது.

"காலை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கமா வைங்க அண்ணா," என்றாள். கெஞ்சுகிற குரல் அது.

வைத்தார். நாலு. ஐந்து. ஆறாவதில் கீழே ஏதோ விழுந்து சிதறியது, அம்மா "ஐயோ" என்றாள். அவர் நிற்கவில்லை. எட்டாவது அடியில் படியைத் தொட்டதும் மகள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். அப்பாவின் கால்விரல்கள் அவள் தோளை லேசாக உரசிவிட்டுப் போயின. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மற்றவர்கள் ஓரமாக ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக வந்த செயலாளர் அவளைத் தாண்டும்போது, "உங்கம்மாவை நடுத்தெருவுல விட்டுட்ட. எங்களையும் சேர்த்துத்தான்," என்று மெதுவாகச் சொன்னார். இறங்கியவர் வண்டிப் பக்கம் போகவில்லை, நேராகத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் இறங்கி வந்தபோது அப்பாவை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். அம்மா வாசலில் நின்றிருந்தாள். மேலே நடந்த பேச்சு முழுக்கக் கீழே கேட்டிருக்கும், இந்த வீட்டில் எது கேட்காது? மகள் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் மழையில் நனைந்துகொண்டே அவர்களிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வேண்டும் என்று போன வாரம் வாங்கிப் போன வாசல் சாவி. அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அம்மா கையை மூடிக்கொண்டாள்.

"குடை எடுத்துட்டு வரலியா தம்பி?" என்றாள்.