கண்ணாடியைக் கழட்டுவது

இடப்பக்கம் இருந்த ஃபோர் கே டிவி ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி வந்தது. வேறு யாராக இருந்தாலும் கரண்ட் சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். அவள் அப்படி நினைக்க வழியில்லை. இதே மாடியில், இதே சுவருக்கு முன்னால் ஏழு வருடம் நின்று டிவி விற்றவள். திரை அப்படிக் கண்ணை மூடித் திறந்தால், கீழே இருக்கும் பெட்டி அனுப்பும் படத்தின் அளவை, அதாவது அதன் தெளிவை, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டியின் ரிமோட் வாத்தியின் கையில் இருந்தது. கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வாத்தி என்பது கடையில் வைத்த பெயர். ரெசல்யூஷன் என்றால் என்ன என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், கால் மணி நேரம் பாடம் நடத்திவிட்டுத்தான் விடுவார். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அண்ணன் முறையாகிவிட்டவர். விலை குறைந்த டிவியில் மங்கலான படத்தையும் விலை கூடியதில் பளிச்சென்ற படத்தையும் ஓடவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வந்தவர் தானாகவே கூடிய விலைப் பக்கம் நகர்ந்துவிடுவார். மூக்குக்கண்ணாடியைக் கழட்டினால் தெரிவதுபோல மங்கலாக்குவதால், கடைக்குள் அதற்குக் கண்ணாடியைக் கழட்டுவது என்று பெயர். அவளும் எத்தனையோ பேருக்குக் கழட்டியிருக்கிறாள், உத்தமி வேஷமெல்லாம் கிடையாது. ஆனால் அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். கடையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் யாராவது தன் வீட்டுக்கு வாங்க வந்தால், முதலில் எல்லாப் பெட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். யாரும் எழுதி ஒட்டவில்லை, அதுபாட்டுக்கு நடந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் இந்த வித்தையைக் கண்டுபிடித்துக் கடையே அதிரக் கத்தினார். அன்றும் ரிமோட் வாத்தியின் கையில்தான் இருந்தது. அவர் வீட்டில் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. யார் செய்தது என்று முதலாளி கேட்டார். கழட்டச் சொன்னதே அந்த முதலாளிதான் என்பது வேறு விஷயம். வாத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் "நான்தான் சார்" என்றாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். வாத்தி இந்த மாடிக்கே மேனேஜர்.

வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. மகளுக்கு கேம் விளையாட ஃபோர் கே வேண்டும். கணவனுக்கு சினிமா பார்க்க எய்ட் கே வேண்டும், ஏனென்றால் அதுதான் பெரிய எண். கடைசியில் அவனே, "உங்க அண்ணன்தான் அங்க இருக்காரே, அவர் எதச் சொல்றாரோ அத எடு" என்று அனுப்பிவைத்தான். எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அதை வாத்தியின் வாயால் கேட்க ஆசைப்பட்டு வந்திருந்தாள்.

"பாத்தியா? ஃபோர் கேல முகமே மொழுக்குனு இருக்கு. எய்ட் கேல தாடி முடிய ஒவ்வொண்ணா எண்ணலாம்" என்றார் வாத்தி.

"எங்க ஹால்ல சோபாவுக்கும் சுவத்துக்கும் பத்தடி அண்ணே. அம்பத்தஞ்சு இஞ்சுக்கு அந்தத் தூரத்துல ஃபோர் கேயே அதிகம்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"அது அப்போ. நீ போயி ஆறு வருஷமாச்சு. எல்லாம் எங்கியோ போயிடுச்சு."

"பாப்பாவோட கேம் மிஷின் ஃபோர் கேதான் அனுப்பும். எய்ட் கேல படமும் வர்றதில்ல."

"நாளைக்கு வராமலா போயிடும்?"

அவர் கையை முன்னால் கொண்டுவந்து ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. "சும்மா விளையாடினேன் தங்கச்சி" என்று அவர் சிரித்திருந்தால் அவளும் சிரித்துவிட்டு, பழைய கதை பேசி, ஃபோர் கேயை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அதற்காகவே இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்குன்னா எத எடுப்பீங்க அண்ணே?"

"எய்ட் கேதான். உங்கிட்டப் போயி பொய் சொல்லுவேனா?"

அவள் கையை நீட்டினாள். "ரிமோட்டக் குடுங்க."

அவர் கொடுத்துவிட்டார், மறுக்கக்கூட இல்லை. பெட்டியின் மெனுவுக்குப் போய் அளவை ஏற்றினாள். திரை கறுத்து வந்தபோது இடப்பக்கத்து முகத்திலும் தாடி முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரண்டு டிவிக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் சொல்ல முடியவில்லை.

"கறுத்தப்பவே நீ பாத்துட்டேன்னு தெரியும்" என்றார் வாத்தி, சாதாரணமாக.

"தெரிஞ்சுமா?"

"மாசக் கடைசி, டார்கெட்டு இடிக்குது. தெரிஞ்சாலும் நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நினைச்சேன். நீ அப்படிச் சொல்ற ஆளு இல்லையே."

பாராட்டுவதுபோலத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அன்று முதலாளி முன்னால் நின்று ஏற்றுக்கொண்டதை, தான் அவருக்குக் கொடுத்தது என்று ஆறு வருடமாக நினைத்திருந்தாள். டோக்கன் மேஜையில் முதுகு வலித்த நாட்களில்கூட அதை நினைத்தால் கொஞ்சம் தெம்பு வரும். அவரோ அதை அவளுடைய சுபாவம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். உதைக்காத மாடு என்று குறித்துவைத்திருக்கிறார். நன்றி மறந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவர் மறக்கவில்லை, நன்றாக ஞாபகம் வைத்திருந்துதான் செய்திருக்கிறார்.

படியேறி ஒரு தம்பதி வந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் போலிருந்தது. ரிமோட்டோடு நின்ற அவளைக் கடை ஆள் என்று நினைத்து, அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, இந்த ரெண்டுல எதுங்க நல்லாருக்கு? இவருக்கு கேம், எனக்குப் படம்."

அவள் வாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தோள்பட்டையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கக்கூடக் காத்திராமல், எய்ட் கேக்கு பில் போட, பில் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் துளி பயம் இல்லை.