மார்லிஸின் மேசை

பதினோரு வருடம் டுவேனின் பெயரில் பரிசு வாங்கிய பழைய கம்ப்யூட்டர்கள் அத்தனையும் கட்டியவள் மார்லிஸ். அவள் கட்டுவாள், கணவன் டுவேன் போய்க் கைகுலுக்குவான். விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆன பிறகும், டுலூத் நகரின் பழைய கம்ப்யூட்டர் சங்கத்தில் பாதிப் பேருக்கு அவள் டுவேனுக்கு ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தவள்தான்.

இந்த மார்ச்சில், சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கும் கண்காட்சியில், தன் பெயருக்கு ஒரு மேசை கேட்டு வாங்கினாள். விண்டோஸ் 98-ஐ இதுவரை யாரும் ஓட்டாத வேகத்தில் ஓட்டிக் காட்டுவதாகச் சவாலும் விட்டாள். சங்கத்தின் விதி கறாரானது. பகல் பன்னிரண்டுக்குள் எல்லோர் முன்னிலையிலும் ஓடாத பெட்டி மேசையை விட்டு இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் அவள் சொல்வதை அப்புறம் எவன் நம்புவான்?

வீட்டில் அவள் பெட்டி குதிரை மாதிரி ஓடியது. கெட்டுப்போனது காலையில். பக்கத்து மேசையில் டுவேன் மினுமினுக்கும் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு ரேம் நினைவகப் பட்டை இருந்த இடத்தில், பையில் இருந்த மூன்றையும் சேர்த்துச் செருகினாள். ஒவ்வொன்றும் அரை ஜிபி, மொத்தம் இரண்டு ஜிபி. வயிற்றெரிச்சலில் செய்த வேலை, வேறென்ன.

பதினொன்றரைக்குப் பட்டனை அழுத்தினாள். ரேம் போதவில்லை என்று திரை சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான். சாப்பாட்டுத் தட்டோடு நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பரிதாபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டுவேன் தன் டப்பாவைத் திறந்து ஒரு ரேமை எடுத்து நீட்டினான். குரலில் தேன் சொட்டியது.

"போதலைன்னுதானே சொல்லுது. இதையும் போட்டுப் பாரு மார்லிஸ். நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

நீட்டிய கையைப் பார்த்தவளுக்குச் சட்டென்று தன் தவறு உறைத்தது. சிரிப்பும் வந்தது. சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி, மூன்று ரேம்களை உருவி மேசைமேல் வைத்தாள். அரை ஜிபி மட்டும் மிஞ்சியது.

பத்து எண்ணுவதற்குள் விண்டோஸ் வந்து நின்றது. அடுத்து அவள் தொடங்கிய கார் பந்தயம் ஒரு இடத்திலும் திக்காமல் பறந்தது. சங்கத் தலைவர் ஆரின் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகே வந்தார்.

"எடுத்தா எப்படி ஓடும்?" என்றான் டுவேன்.

மார்லிஸ் குரலைத் தாழ்த்தவில்லை.

"ரேம் அளவுக்கு மேல போனாலும் விண்டோஸ் 98 போதலைன்னுதான் சொல்லும். நீ பரிசு வாங்கின ஒவ்வொரு பெட்டியிலயும் நான் அரை ஜிபிக்கு மேல போட்டதே இல்ல, டுவேன். அது ஏன்னு அதைக் கட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

ஆரின் டுவேனைத் திரும்பிப் பார்த்தார். டுவேன் நீட்டிய ரேம் இன்னும் அவன் கையிலேயே இருந்தது.