அழைத்தால் வரமாட்டார்கள்

பயம் வந்துவிட்டால் ராஜாவுக்கும் புத்தி மழுங்கித்தான் போகிறது. இல்லாவிட்டால் பத்தொன்பது வயது ராஜா ராஸ்த்கோ தன் வீட்டு ஸ்லாவாவுக்கு அழைப்பிதழ் அச்சடிப்பானா?

ஸ்லாவா என்றால் குலம் காக்கும் புனிதரின் திருநாள். அன்றைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. மனசிருக்கிறவன் தானே வருவான். வீட்டுக்காரன் நாள் முழுக்க உட்காராமல் நின்று உபசரிப்பான்.

தன் நாட்டுத் தலைநகரில் ஜெர்மன் குண்டு விழுந்த வாரமே ராஸ்த்கோவை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் படையோ பனிமலையை நடந்தே கடந்தது. செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் இப்போது இதே ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் தன்னை இன்னும் ராஜாவாக மதிக்கிறார்களா என்பது ஸ்லாவா அன்று தெரிந்துவிடும். வராமல் போனால்? அந்தப் பயத்தில்தான் நாற்பது அழைப்பு அட்டைகளைத் தபாலில் போட்டுவிட்டான்.

"கூப்பிட்டு வந்தா அதுக்குப் பேரு ஸ்லாவாவா? இங்கிலீஷ்காரன் டீ பார்ட்டி," என்றாள் சமையல்காரி ஸ்தானோய்க்கா. "தானா வர்றவனையும் விரட்டிட்டியே, ராஜா."

மேஜையில் வேகவைத்துத் தேன் கலந்த கோதுமை, வட்ட ரொட்டி, எரியும் மெழுகுவர்த்தி. காலை ஒன்பதிலிருந்து நின்றான். மதியமாயிற்று, ஈ காக்காய்கூட வரவில்லை. மூன்று மணிக்குக் கால் மரத்துப்போய், அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் உட்காரேன். யாரு பார்க்கப்போறா?"

"நான் பார்ப்பேனே."

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அந்தப் பனிமலையில் கால்விரல்களைப் பறிகொடுத்த சார்ஜென்ட் வுகாஷின், பின்னால் முப்பது பேர். அவர் கையில் அந்த அட்டைகள்.

"இதெல்லாம் விலாசம் தப்பி எங்ககிட்ட வந்திருச்சு. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

 ராஸ்த்கோ அவற்றை வாங்கி அடுப்பில் போட்டான். கடைசி அட்டை கருகும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப எங்களை யாரும் கூப்பிடலியே?" என்றார் வுகாஷின்.

"இல்ல."

"அப்ப வரலாம்." தொப்பியைக் கழற்றிச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டார். "திருநாள் நல்லபடியா நடக்கட்டும், ராஜா."

அப்பாடா என்றிருந்தது ராஸ்த்கோவுக்கு. நாற்காலிகளை அவனே இழுத்துப் போட்டான். வுகாஷின் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

"மலையில நாங்க நடந்தோம், நீ உட்கார்ந்து போன. இன்னிக்கு நாங்க உட்கார்றோம், நீ நில்லு. அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது."

"நிக்கிறேன், அண்ணே," என்றான் ராஸ்த்கோ. கால் வலியில் உயிர் போயிற்று. சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பையை நிரப்பினான்.