அங்கிள் கேட்ட பாஸ்வேர்டு

விழுப்புரத்தில் நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. ஒருத்தன் அனுபவம் கேட்டான். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும் என்றேன், சிரித்தான். இன்னொருத்தன் கல்யாணம் எப்போது என்று கேட்டான். கடைசியில் திண்டிவனத்தில், என் தோழி பானுப்ரியாவின் அப்பா ஜெகதீசன் நடத்தும் பைக் ஷோரூமில் பில் போட ஆள் வேண்டும் என்றார்கள். இதுவும் தவறினால் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"தேவயானி, வாய வெச்சிக்கினு சும்மா இரு," என்று சொல்லித்தான் அம்மா எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் பஸ் ஏற்றிவிட்டாள்.

ஜெகதீசன் மார்க் ஷீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"பேஸ்புக் வெச்சிக்கினு இருக்கியாமா? பாஸ்வேர்டு போட்டுத் தொற."

"எதுக்குங்க அங்கிள்?"

"வேலைக்கி வர்றவங்க எப்படின்னு தெரிய வேணாமா? போன வாரம் வந்த ரெண்டு பேரு மறுபேச்சு பேசாம காட்டுனாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைக்குக்கு பில் போடுவதற்கும் என் பேஸ்புக்குக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு! என் பேஸ்புக் பக்கத்தில் என்ன இருக்கிறது? மரக்காணம் கடற்கரையில் எடுத்த செல்ஃபி, எங்கள் நிலத்தில் மழையில் நனைந்துபோன மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அதை ஊரே பார்க்கலாம். ஆனால் இன்பாக்ஸில் அவர் மகள் இருந்தாள்.

பானுவை அவள் அத்தை மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. கோயம்புத்தூரில் ஒரு வேலை வாங்கி வைத்திருந்தாள், திங்கட்கிழமை கிளம்பப் போகிறாள், வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தனையையும் பக்கம் பக்கமாக எனக்கு எழுதித் தள்ளியிருந்தாள்.

"அதெல்லாம் காட்ட முடியாதுங்க. அது என் சொந்த விஷயம்."

"மடியில கனம் இல்லன்னா வழியில ஏம்மா பயம்? எம் பொண்ணு பாஸ்வேர்டே எங்கிட்டதான் இருக்குது. ஒரு ஒளிவுமறைவு கெடையாது."

அவரிடம் இருந்தது சாமி படம் போடும் பானுவின் பாஸ்வேர்டு. எனக்கு எழுதும் பானு வேறு பெயரில் வேறு கணக்கு வைத்திருந்தாள். இந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"தொறக்கலன்னா வேலை இல்லம்மா. பானுகூடவும் இனிமே பேசாத."

"வர்றேங்க," என்று சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பானுவிடமிருந்து மெசேஜ் வந்தது.

"அப்பா போன்ல கத்திக்கினு கெடக்கறாரு. காட்டித் தொலைச்சிருக்கலாமில்ல? அதுல அப்படி என்னடி இருக்குது?"

வந்ததே எனக்குக் கோபம்! அப்பனுக்கு ஏற்ற மகள். பிரம்மதேசம் பஸ் வந்து நின்றது. ஏறாமல் நின்று டைப் செய்தேன்.

"நீதாண்டி இருக்கற. திங்கக்கெழம ஒழுங்கா கெளம்பற வழியப் பாரு."