பெயர் சொல்ல விரும்பாத அண்டை வீட்டுக்காரர்

உலக நன்மையில் அக்கறையுள்ள சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: மூன்றாம் மாடி இடதுபக்க வீட்டில் சில ஆண்டுகளாக நடந்துவரும் திருமணம் ஒன்று, குடியிருப்போர் சங்கத்தின் தீவிரப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட கணவன் மனைவி இருவரும் இதில் கருத்துச் சொல்லத் தேவையில்லை. தீர்ப்பு வரும்வரை தண்ணீர்த் தொட்டி கழுவுவதும் படிக்கட்டு விளக்கு மாற்றுவதும் ஒத்திவைக்கப்படுகின்றன.

இப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அதில் ஒரு நேர்மையாவது இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். மூன்றாம் மாடியில் குடியிருந்த நீச்சல் டீச்சர், சுவரெல்லாம் கேமரா வைத்த ஒரு வீட்டுக்குள் பதினைந்து பேரை அடைத்துவைத்து, அவர்கள் சண்டை போடுவதை நாட்டுக்கே காட்டும் நிகழ்ச்சிக்குத் தேர்வாகிப் போயிருந்தாள். பேக்கரியில் ரொட்டி சுடும் கணவனும் நர்சரி வகுப்பு மகளும் இங்கே இருந்தார்கள். அவள் பெட்டியோடு கிளம்பிய அன்றுதான் அவளுக்கு முகம் இருப்பதே அந்தக் கட்டடத்தில் பலருக்குத் தெரிந்தது. அடுத்த வாரமே அவளுடைய குணம், வளர்ப்பு, மாமியாரோடு அவளுக்கு இருந்திருக்கக்கூடிய பிரச்சினை எல்லாவற்றிலும் எல்லோரும் கரைகண்டுவிட்டார்கள்.

அவர்களில் முதன்மையானவர் சங்கத்தின் செயலாளர். டீச்சர் வீட்டுக்கு நேர்கீழே, இரண்டாம் மாடியில் குடியிருப்பவர். தெருமுனையில் அவருக்கு ஒரு கடை உண்டு. பலகையில் ‘நவீன செவித்திறன் ஆய்வு மற்றும் ஆலோசனை மையம்’ என்று இருக்கும். அவர் மனைவி அதைக் காதுக்கடை என்பாள். ஊரும் அப்படித்தான் சொல்லியது.

ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடிந்த கையோடு செயலாளர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தன் ஆய்வுரையை அனுப்புவார். ம்க்கும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டுதான் அவருக்குப் பேச்சு தொடங்கும், எழுதும்போதுகூடச் செருமிக்கொள்வார். டீச்சரின் அழுகை தொண்டையிலிருந்து வருகிறதே தவிர அடிவயிற்றிலிருந்து வரவில்லை, ஆகவே அது நடிப்பு என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். முகத்தைக் காட்டி ஏமாற்றலாம், குரலைக் காட்டி ஏமாற்ற முடியாது, அதுவும் தன்னிடம் முடியவே முடியாது என்பது அவருடைய நிரந்தர நிலைப்பாடு.

தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார். ‘பீப்’ கேட்டால் அழுத்த வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்கு வந்ததுபோல் பயந்துகொண்டு, கேட்டாலும் அழுத்துவார்கள், கேட்காவிட்டாலும் அழுத்துவார்கள். அதனால் செயலாளர் நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே அனுப்பாமல் சும்மா இருப்பார். அப்போதும் பட்டன் விளக்கு எரிந்தால் கண்ணாடியைத் தட்டி, “கேட்டா மட்டும் அழுத்துங்க, இங்க யாரும் மார்க் போடலை” என்பார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்த ஒரு நாள்தான் அவர் மேலே ஒரு பெண் சிரிப்பதைக் கேட்டார். வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் கூரையைப் பார்த்தார். சிரிப்பு. பிறகு மெல்லிய முணுமுணுப்பாக ஒரு பாட்டு. காய் நறுக்கும் சத்தம். நடுவில் குழந்தையின் சிரிப்பு.

டிவியாக இருக்கும் என்றாள் மனைவி. நிகழ்ச்சி ராத்திரி ஒன்பது மணிக்கு, மதியத்தில் எங்கிருந்து வரும் என்று அவர் மடக்கினார். மேலும் அந்த நிகழ்ச்சியில் பின்னணி இசை இல்லாமல் ஒருவர் தும்மக்கூட முடியாது. இது இசையில்லாத, உயிருள்ள குரல். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும்.

“அடுத்த வீட்டுச் சத்தத்துக்கு இவ்வளவு காதைத் தீட்டறீங்களே, நான் தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை கத்தினேன்?” என்று கேட்டாள் மனைவி. அது அவருக்குக் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு யூடியூப் சேனலிலிருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். டீச்சரின் உண்மை முகம் என்ன என்று வாசலில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டாள். செயலாளர் அவளைக் கடைக்கு அழைத்துப் போனார். அவள் கேட்காமலேயே இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறினார். முகத்தை மறைத்துவிடுவோம், குரலை மாற்றிவிடுவோம் என்று அவள் உறுதி சொன்னபோது அவருக்குச் சட்டையை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தவர் அந்தரங்கத்தைப் பேசுவது தன் வழக்கமில்லை என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். கடைசியில் சொன்னார்: “ம்க்கும். நான் யாரையும் குத்தம் சொல்லலை. மதியத்துல அந்த வீட்டுல ஒரு பொண்ணு குரல் கேட்குது. சிரிக்குது, பாடுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்ததை நீங்களே யோசிச்சுக்கோங்க.”

நாடு யோசித்தது. வேறு எதையும் அது அவ்வளவு வேகமாக யோசித்ததில்லை.

வீடியோவில் செயலாளரின் முகம் பாசிபிடித்த கண்ணாடிபோலக் கலங்கியிருந்தது. குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆக்கியிருந்தார்கள். ‘பெயர் சொல்ல விரும்பாத அண்டை வீட்டுக்காரர்’ என்று கீழே எழுத்து ஓடியது. அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முதல் ம்க்குமிலேயே கை நின்றுவிட்டது.

“நீங்கதானே?”

அவர் வீடியோவை நிறுத்தினார். கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எல்லோருமே ரசித்துத்தான் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. பேக்கரியில் ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டி சுடுகிறவனைப் படமெடுத்தார்கள். முதலாளி அவனைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் அந்தக் குழந்தையிடம் குனிந்து, வீட்டுக்கு வரும் ஆன்ட்டி பெயர் என்ன என்று கொஞ்சலாக விசாரித்தார்கள். அந்தக் கேமரா வீட்டுக்குப் புதிதாக அனுப்பப்பட்ட ஒருவன், வெளியில் என்ன பேச்சு என்று டீச்சரின் காதில் போட்டான். அதைப் போடத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். அவள் நீச்சல்குளத்தின் ஓரத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். யாரோடும் பேசவில்லை.

அன்றைய ஆய்வுரையில் செயலாளர், இந்த மௌனம் நடிப்பு இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மதியம் மேலே மறுபடி அந்தச் சிரிப்பு. இவ்வளவு ஆன பிறகுமா என்று செயலாளருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சங்கத்தின் சார்பில் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். போகாதீர்கள் என்றாள் மனைவி. அவர் செருப்பைக்கூட மாட்டாமல் படியேறினார்.

கதவைத் திறந்தவன் வாயில் விரலை வைத்தான். வேலைக்குப் போகாவிட்டாலும் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தான் போலிருக்கிறது. முழங்கை வரை வெள்ளை. அவனுக்குப் பின்னால் சோபாவில் குழந்தை பள்ளிச் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே டிவியில் நீச்சல் டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். முணுமுணுவென்று பாடினாள். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, சிரித்தாள். பின்னணி இசை இல்லை.

“தப்பா நினைக்காதீங்க சார், சத்தம் கீழ வருதா?” என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. “இவளுக்கு அம்மா குரல் கேட்டாத்தான் தூக்கம் வரும். பகல்ல நேரலை காட்டுவாங்க இல்ல, அதைத்தான் போடுவேன். இப்ப அவ பேசறதே இல்லை. அதான் முன்னாடி பிடிச்சு வச்ச பழசைப் போட்டிருக்கேன்.”

பணம் கட்டினால் நாள் முழுக்க நேரலை பார்க்கலாம் என்பது செயலாளருக்குத் தெரியும், மேல்வீட்டில் கட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றவில்லை. அதற்கெல்லாம் பணம் கட்டுகிறவன் மடையன் என்று குழுவில் எழுதியவரே அவர்தான். வெட்டி ஒட்டிய ஒரு மணி நேரம் அவருக்குப் போதுமாக இருந்தது. அதில் டீச்சருக்கு அழுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவள் சிரிப்பதை ஒருநாளும் ஒளிபரப்பவில்லை. அவர் தலைக்கு மேல் அவள் இத்தனை ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அப்போது அவள் டிவியில் வரவில்லை என்பதால் அவர் கேட்கவில்லை.

அவருக்குத் தொண்டை அரித்தது. செருமினால் என்ன ஆகும் என்று சட்டென்று புரிந்து, எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

“சார், ஒரு உதவி,” என்றான் அவன். “யாரோ ஒருத்தர் முகத்தை மறைச்சுக்கிட்டு என்னென்னமோ சொல்லிட்டாங்க. நீங்க நேர்கீழ இருக்கறவர், சங்கத்துச் செயலாளர். இங்க யாரும் வர்றதில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை முகம் காட்டிச் சொன்னா நம்புவாங்க. அது உள்ள போனா அவளுக்கும் தெரியும். அவ அங்க உட்கார்ந்து என்ன நினைச்சுக்கிட்டிருக்காளோ.”

செயலாளர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஆட்டுவதில் சங்கத்துக் கூட்டங்கள் அவருக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தன.

கடைக்குப் போய்க் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கோடு வந்த பெண்ணுக்குப் போன் செய்தார். தவறாகக் கேட்டுவிட்டதாகச் சொன்னார். அவளுக்கு ஏமாற்றமே இல்லை. குரலில் தெம்பு வந்தது. முகத்தைக் காட்டி, முதலில் பேசியதும் நான்தான் என்று சொல்லிவிட்டுக் கண் கலங்கினால் முந்தையதைவிட நன்றாக ஓடும் என்றாள். முதலில் பேசியது யார் என்று சொல்லாமல் மறுக்க முடியாதா என்று கேட்டார். “அதுல பார்க்கறதுக்கு என்ன சார் இருக்கு?” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார்.

யோசித்தார். அன்று மாலை குழுவில் ஒரு செய்தி போட்டார்: ‘அடுத்தவர் அந்தரங்கம் அடுத்தவருடையது. வதந்திகளைப் பரப்பாமல் நம் குடியிருப்பின் கண்ணியம் காப்போம். இப்படிக்கு, செயலாளர்.’ கைகூப்பும் படங்கள் வரிசைகட்டி வந்தன. யாரோ பூங்கொத்து அனுப்பினார்கள். மனைவி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்துவைத்தாள். மேலே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். நாளைக்கு என்றார். அந்த வாரம் முழுக்க நாளையாகவே இருந்தது.

அதற்குள் டீச்சர் அந்தக் கேமரா வீட்டின் கதவைத் தட்டி, தன்னை வெளியே விடும்படி கேட்டு வந்துவிட்டாள்.

கணவனும் மகளும் அவளை அழைத்துக்கொண்டு வந்த நேரம், செயலாளரும் மனைவியும் கடைத்தெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரு பெட்டியுமாக லிஃப்டில் நெருங்கி நின்றார்கள். டிவியில் பார்த்ததைவிட அவள் குள்ளமாக இருந்தாள். குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

“வாம்மா,” என்றாள் செயலாளரின் மனைவி.

டீச்சர் செயலாளரைப் பார்த்துத்தான் பேசினாள். “குரூப்ல நீங்க போட்டதை இவர் காட்டினார் சார். இந்தக் கட்டடத்துல நீங்க ஒருத்தராவது எங்களுக்காகப் பேசினீங்க. ரொம்ப நன்றி.”

மனைவி கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செயலாளருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன்னால் பழக்கம் முந்திக்கொண்டது.

“ம்க்கும்,” என்றார்.

டீச்சர் அந்த வீடியோவை வரும் வழியில் எத்தனை தடவை கேட்டிருப்பாளோ தெரியாது. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் மாறின. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கணவன் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. செயலாளரின் மனைவி முதலில் இறங்கினாள், யாருக்கும் சொல்லாமல். செயலாளர் இறங்கி இரண்டடி வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. கதவு மூடாமலிருக்கும் பட்டனை அவள் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“சார், நாலு வருஷமா உங்க தலைக்கு மேலதான் நான் பேசிக்கிட்டிருந்தேன். என் குரல் உங்களுக்குத் தெரியலையா?”

கணவன் அப்போதுதான் எண்ணிலிருந்து கண்ணை எடுத்து, முதலில் மனைவியையும் பிறகு செயலாளரையும் பார்த்தான். அவள் பட்டனை விடவில்லை. குழந்தை, என்னம்மா என்றது. செயலாளர் தன் வீட்டுக் கதவில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். பதவியும் பட்டங்களுமாக அதில் இரண்டு வரி இருந்தது. வாயைத் திறந்தார். செருமல்கூட வரவில்லை.

அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். கதவு மூடியது.

வீட்டுக்குள் மனைவி அரிசியைக் களைந்தாள். மதியம் மேலே ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. அது அடிவயிற்றிலிருந்து வந்தது.

ராத்திரி ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி வழக்கம்போல் வந்தது. செயலாளர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தார்.