எழுபது மில்லி எங்கே போனது?

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடம் சுட்டது. போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதிக் கதைக்குச் சிரித்தாள், மீதிக்கு மூக்கை உறிஞ்சினாள். முடித்ததும், "இதை எங்கயாவது எழுதினே, அப்புறம் உன்கூடப் பேச்சே கிடையாது" என்றாள்.

அவள் இப்படி மிரட்டிய கதைகள்தான் இதுவரை எனக்கு நன்றாக வந்திருக்கின்றன.

2

முதல் தொடக்கம்: 'கருமேகம் சூழ்ந்த அந்தக் காலையில், ஆசிரியையின் மனவானிலும்...' வேண்டாம். அன்று நல்ல வெயில்.

இரண்டாம் தொடக்கம்: 'அன்று அக்காவுக்கு வாழ்வா சாவா...' கொஞ்சம் ஓவர். ஆனால் பக்கத்தில் வந்துவிட்டோம். அக்கா இரண்டாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை. மேற்பார்வையாளர் ஒரே ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவார். நன்றாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து அக்கா வீட்டில்.

அன்றைய பாடம்: பாத்திரம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது.

3

அளவுக் குடுவையில் கச்சிதமாக ஒரு லிட்டர். முதல் குழு அதை நெட்டைப் பாட்டிலில் ஊற்றும். அடுத்த குழு அகலமான கிண்ணத்தில், அதற்கடுத்தது பூச்சாடியில், கடைசிக் குழு மறுபடியும் குடுவையில். அப்போதும் அதே ஒரு லிட்டர் இருக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். (கைதட்டல் பாடக்குறிப்பிலேயே இருந்தது. நானே பார்த்தேன்.)

எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் வகுப்பு அது. மேற்பார்வையாளரும் ஷூவை வெளியே விட்டு, சாக்ஸுடன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூச்சாடிக் கட்டத்தில் ஒரு முறை எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். (இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.)

கடைசிக் குழுவில் 'கடுகு' இருந்தாள். வகுப்பிலேயே குட்டி அவள்தான். குனிந்து குடுவையைப் பார்த்தாள்.

"மிஸ், தொள்ளாயிரத்து முப்பதுதான் இருக்கு."

"நல்லாப் பாரும்மா."

"நல்லாத்தான் பாத்தேன். கண்ணைக் கோட்டுக்கு நேரா வெச்சுப் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பின்னால் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

4

[இங்கே ஒரு வரி இருந்தது: 'அக்கா குழாயைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் எழுபது மில்லி...' நான் எழுதுவது எப்படியோ தெரிந்துபோய், பேச்சே கிடையாது என்றவள் மூன்று முறை போன் செய்துவிட்டாள். "அந்த வரியை எடு!" "நீ குழாயைப் பாத்தியா இல்லையா?" "பாத்தேன். திறந்தேனா?" சரி. பார்த்தாள், திறக்கவில்லை.]

அக்கா கரும்பலகையில் 930 என்று எழுதினாள். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. பிறகு திரும்பி, பாடக்குறிப்பில் எங்குமே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அப்போ பாக்கி எழுபது மில்லி எங்க?"

5

வகுப்பு ரெண்டுபட்டது.

"கீழ சிந்திடுச்சு மிஸ்! நான்தான் துடைச்சேன்!"

துடைத்த துணியைத் தராசில் வைத்தார்கள். அதே அளவு காய்ந்த துணி ஒன்றையும் வைத்தார்கள். ஈரத்துணி நாற்பது கிராம் கூடுதல். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பது மூன்று வாரமாக யார் மண்டையிலும் ஏறாத பாடம். அன்று கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கத்தினார்கள்: "நாப்பது கிராம்னா நாப்பது மில்லி!" ஒரு கைக்குட்டையில் பதினைந்து கிடைத்தது.

இன்னும் பதினைந்து வேண்டும். மூன்று விரல்கள் 'வாளி'யை நோக்கி நீண்டன. எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் குடித்துவிடுகிறவன்.

"ஒரே ஒரு வாய்தான் மிஸ்!"

"இவனைத் தராசுல ஏத்துங்க!"

அக்கா வீட்டுச் சமையலறையிலிருந்து கொண்டுபோன தராசு அது, ஐந்து கிலோவுக்கு மேல் தாங்காது. வாளி பிழைத்தான். அதற்குப் பதிலாக, அதே மாதிரி இன்னொரு வாய் எடுத்து அளவுக் கிண்ணத்தில் துப்பச் சொன்னார்கள். பத்து மில்லி! பாடக்குறிப்பில் இருந்த கைதட்டல் இந்தத் துப்பலுக்குத்தான் கிடைத்தது.

பாக்கி ஐந்து.

கடுகு தரையோடு தரையாகத் தவழ்ந்து போனாள். பூச்சாடி வைத்த இடத்திலிருந்து ஒரு ஈரத்தடம் கிளம்பியது. ஒற்றைக் காலடித் தடம். அது கடைசி நாற்காலி வரை போய் நின்றது.

"சார், உங்க சாக்ஸ் ஈரமா இருக்கு. கழட்டித் தரீங்களா? இன்னொரு காலோடதும் வேணும் சார். அதுதான் காஞ்சது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவர் கோபத்தோடு எழுந்து, விறுவிறுவென்று... (சினிமா.)

அவர் கண் கலங்கி, "நான் சின்ன வயசில்..." (ஐயோ.)

நடந்தது இதுதான். "எந்தக் கால்மா?" என்று கேட்டுவிட்டு, இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். ஒன்றில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை. (ஓட்டையைப் பற்றி எழுதமாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்திருந்தேன்.) இரண்டுக்கும் வித்தியாசம் நாலு கிராம்.

"ஒரு கிராம் இன்னும் காணோம் சார்" என்றாள் கடுகு.

அவர் நோட்டில் ஏதோ இரண்டு வரி எழுதினார். சாக்ஸைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனார். சிரித்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அவருடைய அறிக்கை வருகிற திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமாம். இந்தக் கதை வரும் இதழ் சனிக்கிழமையே கடைக்கு வந்துவிடும். முடிவுக்கு நான் எங்கே போவேன் என்று புலம்பிக்கொண்டிருந்தபோது அக்காவின் நாலாவது போன் வந்தது. "அந்த சார் உன் பத்திரிகையை வாராவாரம் படிப்பாராம். ஆபீஸ் பியூன் சொன்னார். தயவுசெஞ்சு எழுதாதே!"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கடைசி வரியை ஒரே ஒரு வாசகருக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்:

திங்கட்கிழமை, அக்காவைப் பற்றிய அறிக்கையில் அவர் எழுதியது: ..........................

இவ்வளவு இடம் போதுமா சார்? சாக்ஸ் காய்ந்துவிட்டதா?